டெல்கோவைப் பார்க்கச் சொன்ன டிரைவர்

போன மாசம் பிள்ளையார்பாளையத்தில் பெரியப்பா வீட்டைக் காலி செய்தபோது பரணிலிருந்து ஒரு மூட்டை கணக்கு நோட்டு இறங்கியது. பட்டுநூல், ஜரிகை, சாயக்கூலி, நெசவுக்கூலி என்று நாற்பது வருஷக் கணக்கு. அதற்கு நடுவில் சிவப்பு அட்டை போட்ட ஒரு நோட்டு. மேலே 'வண்டிச் செலவு' என்று எழுதியிருந்தது.

அந்த வண்டி எனக்கு ஞாபகம் இருக்கிறது. பெரியப்பா மாசம் ரெண்டு தடவை புடவை மூட்டையோடு தி.நகர் போவார். ராஜகுளம் வரைக்கும் வண்டி ராஜா மாதிரி ஓடும். சுங்குவார்சத்திரம் நெருங்கும்போது ஒரு குலுக்கல். அப்புறம் இன்னொன்று. "மிஸ் அடிக்குது" என்பார் டிரைவர் அண்ணன். ஓரங்கட்டி, பானட்டைத் திறந்து, ஏசி பம்ப் மேலே ஈரத்துணியைப் போட்டுவிட்டுப் புளியமரத்தடியில் உட்காருவோம். இருபது நிமிஷம் கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி வண்டி கிளம்பும். கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் அதே கதை.

ஒரு வருஷம் இப்படியே இழுத்தது. பெட்ரோலில் டிரைவர் மண்ணெண்ணெய் கலக்கிறார் என்று வீட்டில் பேச்சு வந்தது. 1985 மார்ச்சில் அவர் கணக்கைத் தீர்த்து அனுப்பிவிட்டார்கள். அடுத்த மாசமே வண்டியையும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டார் பெரியப்பா. "ராசியில்லாத வண்டி" என்பதோடு விஷயம் முடிந்தது.

அது எந்த கம்பெனி வண்டி என்பது இங்கே முக்கியமில்லை. அந்தக் காலத்து வண்டிகள் எல்லாவற்றுக்கும் இந்த வியாதி பொது. ஆனால் நோட்டைப் படித்து முடித்தபோது, நாங்கள் வியாதியையும் தப்பாகக் கண்டுபிடித்தோம், ஆளையும் தப்பாகப் பிடித்தோம் என்று எனக்குத் தோன்றியது. அது ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதற்குக் கொஞ்சம் வரலாறும் வேண்டும், கொஞ்சம் மெக்கானிசமும் வேண்டும்.

மெக்கானிக் பேச்சில் இரண்டு பெயர்கள்

நம்ம பக்கத்துப் பழைய மெக்கானிக்குகள் பேசுவதைக் கேட்டிருக்கிறீர்களா? டிஸ்ட்ரிபியூட்டரை 'டெல்கோ' என்பார்கள். பெட்ரோல் பம்ப்பை 'ஏசி பம்ப்' என்பார்கள். குளிர்சாதனத்துக்கும் இந்த ஏசிக்கும் சம்பந்தமே கிடையாது. இரண்டுமே அமெரிக்காவில் பிறந்த பெயர்கள்.

டெல்கோ என்பது ஒரு கம்பெனிப் பெயரின் சுருக்கம். ஒஹையோ மாநிலத்து டேட்டன் நகரத்தில் சார்லஸ் கெட்டரிங் என்ற எஞ்சினியர், எட்வர்டு டீட்ஸோடு சேர்ந்து 1909-இல் தொடங்கிய டேட்டன் எஞ்சினியரிங் லாபரட்டரீஸ் கம்பெனிதான் அது. பேட்டரி மின்சாரத்தைக் கொண்டு எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் முறையை அங்கேதான் உருவாக்கினார்கள். 1910 மாடல் காடிலாக் கார்களில் அது வந்தது. அதே கெட்டரிங்தான் 1912 மாடல் காடிலாக்குக்கு செல்ஃப் ஸ்டார்ட்டரையும் செய்து கொடுத்தார். முன்னால் போய் நின்று கைப்பிடி போட்டுச் சுற்றும் வேலை அதோடு குறைய ஆரம்பித்தது.

ஏசி என்பது ஒரு மனிதரின் பெயரெழுத்து. ஆல்பர்ட் சாம்பியன், பிரான்சில் பிறந்த சைக்கிள் பந்தய வீரர். அமெரிக்கா போய், மிஷிகன் மாநிலத்து ஃபிளின்ட் நகரத்தில் ஸ்பார்க் பிளக் செய்தார். அவர் கம்பெனிதான் பிற்பாடு ஏசி என்ற பெயரில் பெட்ரோல் பம்ப்பும் செய்தது.

டெல்கோ, ஏசி இரண்டும் கடைசியில் ஜெனரல் மோட்டார்ஸ் குடும்பத்துக்குள் போய்ச் சேர்ந்தன. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-இல் பம்பாயில் கார்களைப் பூட்டி விற்க ஆரம்பித்தது. தமிழ்நாட்டில் அந்த வண்டிகளை விற்று, பழுது பார்த்துக் கொடுத்தவர்கள் டி.வி. சுந்தரம் அய்யங்காரின் டி.வி.எஸ். நிறுவனத்தார். 1912-இல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவே பஸ் விட்டவர் அவர். செவர்லே வண்டிகளின் பானட்டைத் திறந்து பழகிய கைகள், பிறகு எந்த கம்பெனி வண்டி வந்தாலும் அதே பெயர்களைச் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கும். இங்கிலாந்து வண்டியிலும் இத்தாலி வண்டியிலும் இருந்தது 'டெல்கோ'தான்.

மூன்று வண்டிகளின் காலம்

1953-இல் மத்திய அரசு ஒரு முடிவெடுத்தது. இங்கேயே பாகங்களைத் தயாரிக்கத் திட்டம் வைத்திருப்பவர்கள் மட்டும் கார் செய்யலாம், வெறுமனே பூட்டி விற்பவர்களுக்கு இடமில்லை. ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு இரண்டும் கடையைக் கட்டின.

மிச்சம் நின்ற பெரிய ஆட்கள் மூன்று பேர். கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ். மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டைத் தழுவி அம்பாசடர் செய்தார்கள். பம்பாய் குர்லாவில் பிரீமியர். ஃபியட் 1100 செய்தார்கள், அதுவே 1970களில் பத்மினி ஆனது. மூன்றாவது நம்ம ஊர். சென்னைக்குத் தெற்கே வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் பிராடக்ட்ஸ். 1961-லிருந்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு செய்தார்கள். அப்போது அந்த இடமும் காஞ்சிபுரமும் ஒரே செங்கல்பட்டு ஜில்லா.

ஹெரால்டை இத்தாலிக்காரர் ஜோவான்னி மிக்கெலாட்டி வடிவமைத்தார். பானட்டோடு சேர்ந்து முன்பக்க மட்கார்டுகளும் மொத்தமாக முன்னால் சாயும். டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு எஞ்சின் வேலை பார்க்கலாம். 948 சி.சி., நாலு சிலிண்டர். மெக்கானிக்குகளுக்குப் பிடித்த வண்டி.

அதே 1961-இல் பாடியில் லூகாஸ்-டி.வி.எஸ். உருவானது. இங்கிலாந்தின் லூகாஸோடு கூட்டு. காயில், டிஸ்ட்ரிபியூட்டர், டைனமோ, செல்ஃப் மோட்டார் என்று வண்டியின் மின்சார சாமான்கள் இங்கேயே தயாராகத் தொடங்கின. ஸ்பார்க் பிளக்குக்கு பெங்களூரு மைக்கோ. இப்படி வண்டி மூன்று விதமாக இருந்தாலும், உள்ளே தீப்பொறி உண்டாகும் முறை ஒன்றுதான். கெட்டரிங் போட்டுக் கொடுத்த வழி.

தீப்பொறி எப்படி வருகிறது

பேட்டரியில் இருப்பது 12 வோல்ட். அதை வைத்துக்கொண்டு பிளக் இடைவெளியில் பொறி பறக்க வைக்க முடியாது. அதற்குப் பத்தாயிரம், இருபதாயிரம் வோல்ட் வேண்டும்.

காயிலுக்குள் இரண்டு கம்பிச் சுற்று இருக்கிறது. ஒன்று தடித்த கம்பி, சில நூறு சுற்று. இன்னொன்று தலைமுடி மாதிரி மெல்லிய கம்பி, பல ஆயிரம் சுற்று. தடித்த கம்பியில் மின்சாரம் ஓடும்போது காந்தப்புலம் உண்டாகும். டெல்கோவுக்குள் இருக்கும் பாயிண்ட் டக்கென்று திறந்து அந்த மின்சாரத்தை வெட்டும். காந்தப்புலம் சரிந்து விழும். அந்தச் சரிவுதான் மெல்லிய கம்பியில் ஆயிரக்கணக்கான வோல்ட்டைக் கிளப்புகிறது.

இதில் ஒரு சிக்கல். ஓடும் மின்சாரம் சட்டென்று நிற்காது. பாயிண்ட் திறக்கும்போது அந்தச் சின்ன இடைவெளியிலேயே தாவப் பார்க்கும். தாவினால் பாயிண்ட் எரியும், காந்தப்புலம் மெதுவாகச் சரியும், பிளக்கில் பொறி பலவீனமாகும். அந்த மின்சாரத்தை ஒரு நொடித்துளிக்குத் தாங்கிப் பிடிப்பதற்கு வைத்ததுதான் கண்டென்சர். சுண்டுவிரல் அளவு தகரக் குப்பி. உள்ளே உலோகத் தாளும் காகிதமும் சுருட்டி வைத்திருக்கும்.

நாலு சிலிண்டர் எஞ்சின் நிமிஷத்துக்கு 3000 சுற்று ஓடினால் நிமிஷத்துக்கு 6000 பொறி. நொடிக்கு நூறு. ஒவ்வொரு தடவையும் இந்தச் சின்னக் குப்பி தன் வேலையைச் சரியாகச் செய்தாக வேண்டும்.

இப்போது சூட்டைக் கொண்டு வாருங்கள். கண்டென்சருக்குள் இருக்கும் காகிதம் தரமில்லாததாகவோ ஈரம் ஏறியதாகவோ இருந்தால், சூட்டில் அதன் காப்புத்தன்மை குறைந்து மின்சாரம் கசியும். உள்ளே ஒட்டு தளர்ந்திருந்தால், சூட்டில் விரிந்து தொடர்பு விட்டுப் போகும். காயிலும் அப்படித்தான். மெல்லிய கம்பியில் ஒரு இடத்தில் பூச்சு போயிருந்தால், குளிரில் சும்மா இருக்கும், சூட்டில் பொறி உள்ளேயே தாவிவிடும். ஆறினால் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும். காலையில் மெக்கானிக் கையில் கொடுத்தால் வண்டியில் குற்றமே இருக்காது.

ஈரத்துணி சொன்ன பொய்

பெட்ரோல் பக்கம் வருவோம். ஏசி பம்ப் எஞ்சின் பிளாக்கிலேயே பூட்டியிருக்கும். பின்னால் டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி இழுக்கும். உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறைவு. பெட்ரோலின் லேசான பகுதிகள் 40 டிகிரி வாக்கிலேயே ஆவியாகத் தொடங்கும். பம்ப் கொதித்தால் உள்ளே பெட்ரோலுக்குப் பதில் ஆவிதான் இருக்கும், பம்ப் வெறுமனே அடித்துக்கொண்டிருக்கும். இதுதான் வேப்பர் லாக். சித்திரை வெயிலில், காந்தி ரோடு நெரிசலில் ஊர்ந்துவிட்டு வண்டியை நிறுத்தி, பத்து நிமிஷத்தில் மறுபடி ஸ்டார்ட் செய்தால் வர வாய்ப்பு அதிகம். ஈரத்துணி போட்டால் தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொள்ளும், பம்ப் ஆறும், வண்டி கிளம்பும். இது கட்டுக்கதை இல்லை, நிஜமான வைத்தியம்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். ஈரத்துணி போட்டுவிட்டு என்ன செய்தோம்? இருபது நிமிஷம் மரத்தடியில் உட்கார்ந்தோம். பானட் திறந்து கிடக்கிறது. பம்ப் மட்டுமா ஆறும்? காயிலும் ஆறும், கண்டென்சரும் ஆறும். வண்டி கிளம்பியதும் "பாத்தியா, பம்ப்தான்" என்று முடிவு செய்தோம். குணப்படுத்தியது துணியா, அந்த இருபது நிமிஷமா என்று யாரும் கேட்கவில்லை. சூட்டில் வரும் எல்லா வியாதிக்கும் ஆறவிடுவது மருந்து. அதனாலேயே அது எந்த வியாதி என்று காட்டிக்கொடுக்காது.

சரியாகப் பார்ப்பது எப்படி? சூடாக இருக்கும்போதே, மிஸ் அடித்துக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும்.

முதலில், ஒரு சிலிண்டரா, எல்லாமா? எஞ்சின் ஓடும்போது காப்புள்ள இடுக்கியால் பிளக் ஒயரை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் தெரியும். எடுத்தும் சத்தம் மாறவில்லை என்றால் அந்த சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை. எப்போதும் அதே சிலிண்டர் என்றால் பிளக், அதன் ஒயர், இல்லாவிட்டால் டாப்பெட். டாப்பெட்டை இறுக்கமாக வைத்திருந்தால் சூட்டில் வால்வு நீண்டு முழுதாக மூடாது. மிஸ் மாறி மாறி எல்லா சிலிண்டரிலும் வந்தால், எல்லாவற்றுக்கும் பொதுவான இடம்: காயில், கண்டென்சர், பாயிண்ட், இல்லாவிட்டால் பெட்ரோல்.

அடுத்தது பொறியின் நிறம். மிஸ் அடிக்கும் அந்த நேரத்திலேயே ஒரு பிளக்கைக் கழற்றி, பெட்ரோல் கசியும் இடங்களிலிருந்து தள்ளி, பிளாக்கில் படும்படி வைத்துச் சுற்றவிட வேண்டும். நீலமாக, தடித்து, சத்தத்தோடு பறந்தால் மின்சாரம் சரி, பெட்ரோலைத் தேடலாம். மஞ்சளாக, நூல் மாதிரி மெலிந்து வந்தால் டெல்கோ பக்கம் போக வேண்டும். பாயிண்ட் நடுவே நீலப் பொறி தாவினால், பாயிண்ட் முகம் கருகியிருந்தால், முதலில் கண்டென்சரை மாற்ற வேண்டும். பிறகும் வந்தால் காயில். ஒரு நேரத்தில் ஒரு சாமான்தான் மாற்ற வேண்டும். நாலை ஒன்றாக மாற்றிவிட்டால் வண்டி சரியாகும், காரணம் தெரியாது.

நோட்டு என்ன சொல்கிறது

இந்தப் பாடத்தோடு சிவப்பு நோட்டைப் படித்தேன்.

1984 பிப்ரவரியில் ஒரு வரி: 'டியூன் அப், பாயிண்ட், கண்டென்சர்'. அதற்கு முன்னால் மூன்று வருஷத்தில் வண்டி வழியில் நின்றதாக ஒரு செலவும் இல்லை. மார்ச் முதல் வாரத்தில் முதல் முறையாக 'வழியில் ரிப்பேர்'. அதன் பிறகு வரிசையாக: ஏசி பம்ப் கிட் இரண்டு தடவை, புது பம்ப் ஒரு தடவை, கார்ப்பரேட்டர் சர்வீஸ் மூன்று தடவை, டேங்க் கழுவியது ஒரு தடவை. இவற்றுக்கு நடுவில் யாரும் கவனிக்காத ஒரு வரி திரும்பத் திரும்ப வருகிறது. 'பாயிண்ட் மாத்தியது'. ஏப்ரல், ஜூன், ஆகஸ்ட், நவம்பர், ஜனவரி. அஞ்சு தடவை.

ஒரு செட் பாயிண்ட் எட்டாயிரம், பத்தாயிரம் கிலோமீட்டர் தாங்கும். இந்த வண்டி மொத்தமாக அந்த வருஷத்தில் அவ்வளவு ஓடவே இல்லை. பாயிண்ட் இத்தனை வேகமாகக் கருகுகிறது என்றால் கண்டென்சர் தன் வேலையைச் செய்யவில்லை என்று அர்த்தம். கண்டென்சரோ, பிப்ரவரிக்குப் பிறகு ஒரு தடவைகூட மாறவில்லை. "அது புதுசுதானே." புதுசு மேலே யாருக்கு சந்தேகம் வரும்? அந்தக் குப்பியில் கம்பெனி பெயர் இருந்ததா என்றுகூட யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஜரிகையைச் சுரண்டி உள்ளே சிவப்புப் பட்டு தெரிகிறதா என்று பார்க்காமல் ஒரு கட்டு வாங்காதவர் எங்கள் பெரியப்பா. சீல் வைத்த தகரக் குப்பியைச் சுரண்டிப் பார்க்க வழியில்லை.

இன்னொரு சாட்சியும் இருக்கிறது. டிசம்பர் 18-ஆம் தேதி: 'திருமழிசை கிட்ட நின்றது, கயிறு கட்டி இழுத்த கூலி'. மார்கழி மாசம். பெரியப்பா விடிவதற்கு முன்னால் கிளம்புகிறவர். பனிக்காற்று அடிக்கும் திறந்த ரோட்டில், நல்ல வேகத்தில் போகும்போது வேப்பர் லாக் வருவது கஷ்டம். எஞ்சின் மட்டும் எந்த மாசமானாலும் தன் சூட்டுக்கு வந்துவிடும். டெல்கோவும் கூடவே சூடாகும்.

மண்ணெண்ணெய்க்கு வருவோம். மண்ணெண்ணெய் பெட்ரோலைவிடக் கஷ்டப்பட்டுத்தான் ஆவியாகும். அதைக் கலந்தால் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும், புகை வரும், ஏற்றத்தில் நாக்கிங் சத்தம் கேட்கும். வேப்பர் லாக் கூடாது, குறையும். எங்கள் வண்டியோ காலையில் முதல் செல்ஃபிலேயே எடுத்துக்கொள்ளும். 'பம்ப்பில் ஆவி அடைக்கிறது' என்று ஒரு பக்கம் துணி போட்டோம். 'மண்ணெண்ணெய் கலக்கிறான்' என்று இன்னொரு பக்கம் பழி போட்டோம். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்று வீட்டில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

நோட்டு சாட்சி மட்டும்தான், தீர்ப்பு இல்லை. வண்டி இப்போது இல்லை, அந்தக் கண்டென்சரும் இல்லை. ஆனால் திருட்டுக்கு அதில் ஒரு வரி ஆதாரமும் கிடையாது. மின்சாரக் கோளாறுக்கு அஞ்சு வரி இருக்கிறது.

அதே ரோட்டில் இப்போது

வண்டலூர் ஆலை 1980களின் கடைசியில் மூடிப் போனது. எங்கள் வண்டி மிஸ் அடித்த அதே ரோட்டில், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் சான்ட்ரோ வெளியே வந்தது. இன்று அந்த வட்டாரத்தில் செய்யும் கார்களில் பாயிண்டும் இல்லை, டெல்கோவும் இல்லை. கிராங்க் சுற்றும் வேகத்தில் வரும் சின்னத் தடுமாற்றத்தைக் கம்ப்யூட்டரே எண்ணி, எந்த சிலிண்டர் மிஸ் ஆனது என்று குறித்து வைத்துக்கொள்கிறது. பி0300 என்று ஸ்கேனரில் வந்தால் பல சிலிண்டர்களில் மிஸ் என்று பொருள். வண்டி ஆறிய பிறகும் அந்தப் பதிவு அழியாது. டிரைவர் சொல் நம்பத்தக்கதா என்ற கேள்விக்கே இடமில்லை.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு அந்த வசதி இல்லை. இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலும் சேர்ந்துவிட்டது. பழைய ரப்பர் குழாயையும் பம்ப் டயஃப்ரத்தையும் அது அரித்துவிடும். பெட்ரோல் பக்கம் சந்தேகம் இன்னும் கூடத்தான் செய்யும். அதனால் ஒரு நோட்டு போடுங்கள். எத்தனையாவது கிலோமீட்டரில் மிஸ் வந்தது, வேகமா நெரிசலா, வெயிலா பனியா, அப்போது பொறி என்ன நிறம், கடைசியாக எந்த சாமான் மாற்றினோம். கடைசி வரியை மறக்காதீர்கள். டூல் கிட்டில் நல்ல கண்டென்சர் ஒன்று கிடக்கட்டும்.

டிரைவர் அண்ணன் காலமாகிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவர் மகன் ஓரிக்கை பக்கம் இருக்கிறார். சிவப்பு நோட்டை எடுத்துக்கொண்டு போன வாரம் போனேன். அஞ்சு பாயிண்ட் வரிகளையும் காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா அப்பவே சொன்னாருப்பா, டெல்கோவப் பாருங்க, டெல்கோவப் பாருங்கன்னு. யாரு கேட்டாங்க?"

நோட்டை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.